உப்பு லாரிக்குப் பின்னால் இரண்டு மைல்

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ராயபுரத்தில் குடித்தனம், துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் பிட்டர் வேலை. இரண்டு நாள் சைக்கிள் பந்தயம் ஒன்றில் முதல் நாள் நான் செய்த காரியத்தையும், அதைவிட மோசமாக இரண்டாம் நாள் காலையில் செய்த காரியத்தையும் என் வாயால் இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று பேரும் இப்போது இல்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. அதன் செயலாளர் ரிட்டயரான எஞ்சின் டிரைவர், ஆங்கிலோ இந்தியர். இரண்டு ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தார். ஒன்றை நம்பாமல் இன்னொன்று. சின்ன வயசுக்காரர்களுக்கு வருஷத்தில் நாலைந்து பந்தயம் நடக்கும். நாற்பது தாண்டினவர்களுக்குப் பங்குனி மாதத்தில் ஒன்றே ஒன்று. ஊரில் அதற்குக் கிழவன் ரேஸ் என்று பெயர்.

எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு முட்டிமோதுகிற பந்தயம் இல்லை இது. ஒரு நிமிஷத்துக்கு ஒருவராகத் தனித்தனியே அனுப்புவார்கள். திருவொற்றியூர் டோல்கேட்டில் கிளம்பி எண்ணூர் வரைக்கும் ஆறு மைல். அங்கே நடு ரோட்டில் ஒரு தார் பீப்பாய் நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர ஆறு மைல். சனிக்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. இரண்டு நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைச்சலோ அவருக்குக் கோப்பை. இன்னொரு ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. மோட்டார் வண்டியின் மறைவில் வரக் கூடவே கூடாது. காற்றைத் தன் நெஞ்சாலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பந்தயமே அதுதான்.

நாற்பது வயதில்தான் சங்கத்தில் சேர்ந்தேன். இளவயதில் பந்தயம் ஓட்ட நேரமும் இல்லை, சைக்கிளும் இல்லை. முதல் வருஷம் கடைசியாக வந்தேன். இரண்டாம் வருஷம் ஐந்தாவது. மூன்றாம் வருஷம் மூன்றாவது. பட்டறையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா பிட்டரே, இந்த வாட்டி கப்பு உண்டா?" என்று கேட்பார்கள். கேலிதான். ஆனால் எனக்குள்ளே அது கேலியாக இறங்கவில்லை. இருபது வருஷமாகப் பிறர் கொண்டுவந்து போடுகிற உடைசலைச் சரிசெய்து கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதவன் நான். ஒரு தடவையாவது என்னுடையது என்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது. தினமும் விடியற்காலையில் எண்ணூர் வரைக்கும் போய் வந்தேன். மட்கார்டு, ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். வீல் ஓட்டம் இம்மி பிசகாமல் நானே சரிபார்த்தேன். என் மனைவி, "புது மாப்பிள்ள மாதிரி அத்தயே தொடச்சிகினு கீறியே" என்று சிரிப்பாள்.

அந்த நான்காம் வருஷம் ஒரு புது ஆள் வந்தான். வந்தார் என்று இப்போது எழுத வேண்டும். அப்போது செயலாளரைத் தவிர நாங்கள் யாரும் அவரை அப்படிச் சொல்லவில்லை. காத்திவாக்கத்துக்காரர். முகத்துவாரத்தில் பிடிக்கிற எறாலைக் கூடையில் கட்டிக் கேரியரில் வைத்துக்கொண்டு, தினமும் ராயபுரம் மார்க்கெட்டுக்கு மிதித்து வருகிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பந்தயத்துக்காகக் கேரியரை மட்டும் கழற்றியிருந்தார். சைக்கிள் அதே பாரம் ஏற்றுகிற சைக்கிள்தான். எவ்வளவு கழுவியும் அதில் கவிச்சி போகவில்லை. காலில் செருப்பு கிடையாது.

அவரைச் சேர்க்கலாமா என்று சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களுக்குத்தானே இந்தப் பந்தயம், சைக்கிள் மிதித்தே பிழைக்கிறவன் எப்படி அமெச்சூர் ஆவான் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மூக்கைப் பிடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயலாளர்தான், "அவரு எறா விக்கிறாரு மேன், சைக்கிள் விக்கல. ஓட்டட்டும்" என்று முடித்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். சீட்டுக் குலுக்கியதில் காத்திவாக்கத்துக்காரருக்கு ஏழாவது இடம், எனக்கு எட்டாவது. அவர் கிளம்பி ஒரு நிமிஷம் கழித்து என்னை விட்டார்கள்.

போகும்போது தெற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. நேராய்க் கிடந்த ரோட்டில் மண் பாம்பு மாதிரி நெளிந்து எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் போனேன். ஆனால் எவ்வளவு மிதித்தும் காத்திவாக்கத்துக்காரரின் முதுகு அருகில் வரவில்லை. சிறிதாகிக்கொண்டே போனது. பீப்பாய்க்கு அரை மைல் இருக்கும்போதே அவர் திரும்பி எனக்கு எதிரே வந்தார். ஹாண்டில்பார் மேல் குனிந்து, வாயை மூடிக்கொண்டு, தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவர் போல வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை.

பீப்பாயைச் சுற்றித் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. இதுவரை தள்ளினது அத்தனையும் இப்போது தடுத்தது. ஒரு மைல் போவதற்குள் தொடை எரிந்தது. மூச்சு விசில் அடித்தது. இந்த வருஷமும் இல்லை என்று புரிந்துவிட்டது. பட்டறையில் திங்கட்கிழமை என்ன சொல்லுவார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போதுதான் பின்னால் லாரி வந்தது. உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகிற லாரி. பாரத்தில் முனகிக்கொண்டு என்னைத் தாண்டியது. தாண்டும்போது ஒரு கணம் காற்று நின்றது. அப்படி ஒரு அமைதி. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். நாலு மிதி பலமாக மிதித்து அதன் பின்பலகைக்கு ஒரு முழம் தூரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். மூச்சு வாங்குகிற வரைக்கும், ஒரு பர்லாங்கு மட்டும், என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மைல் போனேன். மூட்டைகளிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி முகத்தில் தெறித்தது. பெடல் தானாகச் சுற்றியது. பாதி வழியில் காத்திவாக்கத்துக்காரரைத் தாண்டினோம். லாரி தாண்டியது, அதன் பின்னால் நான். அவர் தலையைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் எனக்குப் பின்னால் வந்து ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ரோட்டோரமாக ஒதுங்கி, அதே குனிந்த வாக்கில் காற்றுக்குள்ளேயே இருந்தார்.

ஆள் நடமாட்டம் தொடங்குகிற தீப்பெட்டி ஆலையின் சுவர் தெரிந்ததும் லாரியை விட்டுவிட்டு விலகினேன். ஆட்கள் நிற்கிற இடத்துக்கு யோக்கியனாக வந்து சேர்ந்தேன்.

முப்பத்தெட்டு நிமிஷம் பத்து விநாடி. செயலாளர் இரண்டு கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் காத்திவாக்கத்துக்காரர் வந்தார். முப்பத்தொன்பது முப்பது. இரண்டாவது இடம் அவருக்கு. மற்ற எல்லோரும் நாற்பதுக்கு மேல். யாரோ என் முதுகில் தட்டினார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அவர் குழாயடியில் கால் கழுவிவிட்டு என் அருகில் வந்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் காத்து இதே மாதிரிதான் இருக்குமாம்" என்றார். "பாத்து ஓட்டுங்க." அவ்வளவுதான்.

வீட்டில் என் மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். மத்தியானம் தூங்கி எழுந்தபோது தொடை இரண்டும் மரக்கட்டையாக இருந்தன. நாற்பத்து மூன்று வயதுக் கால் ஒரு நாள் ஓடினால் மூன்று நாள் படுக்க வேண்டும் என்று கேட்கும். கீழே உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அவள் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து கெண்டைக்காலை நீவிவிட்டாள்.

"அந்தக் காத்திவாக்கத்து ஆளு அவ்ளோ நல்லா ஓட்டுவானாமே, அவனையே தாண்டிட்டியாமே?" என்றாள்.

"ம்."

"எப்பிடி?"

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷத்தில் என்னால் அப்படி ஒரு முகம் அவளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. "பாதி தூரத்துல புடிச்சிட்டேன்" என்றேன். எதைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை டோல்கேட்டுக்குப் போனபோது எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் செயலாளர். எண்ணூர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் முதல்நாள் சாயங்காலம் அவரிடம் வந்து, பந்தயக்கார ஆள் ஒருவன் உப்பு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். முகம் பார்க்கவில்லை. பனியன் போட்டிருந்தான் என்பது மட்டும் தெரியும். பனியன் எட்டுப் பேரும்தான் போட்டிருந்தோம். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் வந்தது இரண்டே பேர்.

செயலாளர் என்னிடம்தான் முதலில் கேட்டார். "லாரி வந்திச்சா?"

"வந்திச்சு."

"பின்னால போனியா?"

அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது. லாரிக்குப் பின்னால் போனபோது மூச்சுத் திணறல், தொடை எரிச்சல் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இங்கே நான் கீழே காலூன்றி, நிதானமாக, வெயில்கூட ஏறாத காலை வேளையில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி கொஞ்சம் தள்ளிப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்றாள். "இல்ல" என்றேன். "ஒதுங்கி வழி வுட்டேன்."

செயலாளர் காத்திவாக்கத்துக்காரர் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் புடிக்கல" என்றார் காத்திவாக்கத்துக்காரர்.

"அப்போ இவரு புட்ச்சாரா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் சைக்கிளின் செயினைப் பார்த்தேன். "அத்த அவராண்ட கேட்டாச்சே" என்றார்.

அதன் பிறகு பேச்சு தானாக ஓடியது. உப்பு லாரி அவர்கள் ஊர்ப் பக்கத்து லாரி, டிரைவர் தெரிந்தவனாக இருப்பான் என்றார் ஒருவர். பாரம் ஏற்றுகிற சைக்கிளில் முப்பத்தொன்பதரை எப்படி வரும் என்றார் இன்னொருவர். பிட்டர் நாலு வருஷமாக நம்மோடு ஓட்டுகிறார், அவரைத் தெரியாதா என்றார் மூன்றாமவர். அப்படிச் சொன்னவருக்கு எதிரேதான் நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

காத்திவாக்கத்துக்காரர் நேரத்தில் இரண்டு நிமிஷம் கூட்டுவது என்று முடிவானது. அவர் செயலாளரிடம், "ரெண்டு நிமிசம் போட்டுக்கோங்க. இன்னிக்கி ஓட்ட வுடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டார்.

ஓட்ட விட்டார்கள்.

இரண்டாம் நாள் பின்தங்கியவர்கள் முதலில், முன்னிலையில் இருப்பவர் கடைசியில். அதனால், இரண்டு நிமிஷம் கூடிப் பின்தங்கிவிட்ட காத்திவாக்கத்துக்காரர் என் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் முன்னால் போய்விட்டார். நான் அன்றைக்கு ஒழுங்காகத்தான் ஓட்டினேன். இரண்டு லாரிகள் தாண்டிப் போயின, நான் ரோட்டோர மண்ணில் இறங்கி ஒதுங்கினேன். இப்போது யார் பார்த்து என்ன. முதல் மைலிலேயே கால் மறுத்துவிட்டது. திரும்பி வரும் காற்றில் வாய்விட்டு முனகினேன். நாற்பது நிமிஷம் நாற்பத்தைந்து விநாடி. அவர் முப்பத்தொன்பது பதினைந்து. முதல் நாளைவிட வேகமாக வந்திருக்கிறார்.

செயலாளர் பலகையில் சாக்பீஸால் கூட்டி எழுதினார். எனக்கு எழுபத்தெட்டு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி. ஒரு டிராம் கண்டக்டர் எண்பது இருபது. காத்திவாக்கத்துக்காரர் எண்பது நாற்பத்தைந்து, மூன்றாம் இடம். கைதட்டினார்கள். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும். அந்த இரண்டு நிமிஷத்தை எடுத்துவிட்டால் அவர் எழுபத்தெட்டு நாற்பத்தைந்து. என்னைவிடப் பத்து விநாடி குறைவு. லாரியின் உதவியோடுகூட நான் அவரிடம் தோற்றிருந்தேன். காலையில் சொன்ன ஒற்றைச் சொல்தான் எனக்குக் கோப்பையை வாங்கித் தந்தது.

கோப்பை கொடுக்கும்போது அவர் அங்கே இல்லை. கேரியரைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள்.

என் மனைவி அந்த நிக்கல் கோப்பையை முந்தானையால் துடைத்துத் துடைத்து, தெருவில் ஒரு வீடு விடாமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் சாமி கும்பிடப் போவதை நான் நிறுத்திவிட்டேன். காத்திவாக்கத்துக்காரர் தினமும் மார்க்கெட்டுக்கு வருகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் இல்லாதபடி சந்து பொந்தெல்லாம் சுற்றி வேலைக்குப் போனேன். பட்டறையில் யாராவது 'சாம்பியன்' என்று கூப்பிட்டால் காது சுட்டது. அப்படியே மூன்று மாதம் ஓடிற்று.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் காத்திவாக்கம் போனேன். சைக்கிளில் போகக் கூசி, பஸ்ஸில் போய் இறங்கி மணலில் நடந்தேன். அவரும் அவர் மனைவியும் குடிசை வாசலில் உட்கார்ந்து எறாலைப் பெரிசு சிறிசு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை.

"சங்கத்து ஆளு" என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த அம்மாள் எழுந்து பாய் போட்டாள். "குந்துங்கண்ணா. இவுரு மூணாவதா வந்தாராமே. மொத வாட்டியே மூணாவது. எங்க குப்பம் பூரா பேச்சு அதான்" என்றாள்.

நான் உட்காராமல் நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னைத் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போனார்.

"நான்தான் லாரியப் புடிச்சேன்" என்றேன்.

"என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற? நான்தான் பாத்தனே."

அதுவரை அவர் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தார். நான் ஆரம்பத்திலிருந்தே அவரை 'நீ' என்றுதான்.

"அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே" என்றேன். என் வாயில் 'நீங்க' வந்தது.

"சொன்னா? நீ பிட்டரு. நான் எறாக்காரன். யார நம்புவாங்க? உன் வாயால வரணும்னு பாத்துகினு இருந்தேன். வர்ல." குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எம் பொஞ்சாதிக்கு ரெண்டு நிமிசம் போட்டது தெரியாது. திருட்டு ஓட்டு ஓட்னேன்னு சொன்னாங்கன்றது அவளுக்குத் தெரிய வோணாம். நீயும் சொல்லாத."

"செயலாளராண்ட சொல்லிடறேன்."

"சொல்றதுன்னா சொல்லு. அத்த என்னாண்ட சொல்லிட்டுப் போவாத."

செயலாளர் வீட்டுக்குப் போக எனக்கு மேலும் பத்து நாள் ஆனது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அன்னிக்கி நான் உன்னத்தான் மொதல்ல கேட்டேன் மேன்" என்றார். "ஏன்னா நீ இல்லேன்னு சொன்னா அதோட வுட்டுடலாம்னு நெனச்சேன். தப்பு எம்மேலயும் கீது." பிறகு கோப்பையைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் இருந்தாள். எழுந்து போய்க் கோப்பையை எடுத்து ஒரு பழைய துணியில் சுற்றினாள்.

"நான் வூடு வூடா எடுத்துகினு போய்க் காமிச்சேனே" என்றாள்.

சங்கத்தின் பலகையில் திருத்தி எழுதிப் போட்டார்கள். என் பெயரை அடித்தார்கள். செயலாளர் கோப்பையோடு காத்திவாக்கம் போனார். காத்திவாக்கத்துக்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவது என்றுதான் குப்பத்தில் தெரியும், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வருஷம் பந்தயத்துக்கும் வரவில்லை. அவர் வராததற்கு நான் காரணமா, சங்கத்தில் சொல்லிக்கொண்ட மாதிரி அவருடைய முழங்கால் வலி காரணமா, எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

தெருவில் சேதி பரவ ஒரு வாரம் ஆகவில்லை. பட்டறையில் 'சாம்பியன்' போய் 'உப்பு லாரி' என்று பெயர் வைத்தார்கள். நான் அதைச் சகித்துக்கொண்டேன். எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் குழாயடியில் என் மனைவி வரிசையில் நிற்கும்போது யாராவது லாரி என்று சொல்லிச் சிரிப்பார்களாம். அவள் குடத்தோடு பாதியில் திரும்பி வந்த நாட்கள் உண்டு. அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை அவள், "அந்தக் காத்திவாக்கத்து ஆளு எப்பிடி இருப்பாரு?" என்று கேட்டாள். சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆனது. கூடையில் எறா இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா சொன்ன?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன்."

"அவரு?"

"ரெண்டு கூறு கேட்டேன். மூணு கூறு போட்டுக் குடுத்தாரு."

கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். சாதம் போட்டு என்னைக் கூப்பிட்டாள். என் தட்டிலும் அவள் தட்டிலும் சமமாகப் பரிமாறினாள். நான் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டேன்.